வட அட்லாண்டிக் ஒப்பந்தத்தின் 5 ஆம் உறுப்புரை

வட அட்லாண்டிக் ஒப்பந்தத்தின் 5 ஆம் உறுப்புரை என்பது, நேட்டோ எனப்படும் வட அட்லாண்டிக் ஒப்பந்த அமைப்பின் உறுப்பு நாடுகள் தமக்குள் ஏற்றுக்கொண்ட கூட்டுத் தற்காப்புக் கடப்பாட்டைக் கூறும் சரத்து ஆகும். ஒரு உறுப்பு நாட்டின் மீது நடத்தப்படும் ஆயுதத் தாக்குதல் அனைத்து உறுப்பு நாடுகளின் மீதும் நடத்தப்பட்ட தாக்குதலாகக் கருதப்படும் என்பது இதன் மையக் கருத்து. இவ்வொப்பந்தம் 1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டன் நகரில் 12 நாடுகளால் கையெழுத்திடப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. 2024 இல் சுவீடன் இணைந்ததைத் தொடர்ந்து உறுப்பு நாடுகளின் எண்ணிக்கை 32 ஆனது.

ஒரு உறுப்பு நாடு தாக்கப்பட்டவுடன் மற்ற நாடுகள் அனைத்தும் தாமாகவே போரில் இறங்க வேண்டும் என்று இவ்வுறுப்புரை கட்டளையிடுவதாகப் பரவலாகக் கருதப்படுகின்றது. ஆனால் ஒப்பந்தத்தின் சொற்கள் அவ்வாறு கூறவில்லை. எந்த வகையான உதவியை வழங்குவது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்கின்றது. எனவே இவ்வுறுப்புரையின் வலிமை அதன் சட்டச் சொற்களில் மட்டும் தங்கியிருக்கவில்லை. வாக்குறுதி நிறைவேற்றப்படும் என்று நட்பு நாடுகளும் எதிரி நாடுகளும் நம்புவதிலேயே அது பெரிதும் தங்கியுள்ளது.

பின்னணி

இரண்டாம் உலகப் போரின் முடிவில் மேற்கு ஐரோப்பிய நாடுகள் பொருளாதார அளவிலும் படை அளவிலும் நலிந்திருந்தன. கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஒன்றியத்தின் செல்வாக்கு நிலைபெற்றிருந்தது. 1948 பெப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியாவில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. அதே ஆண்டு சூன் மாதம் மேற்கு பெர்லினுக்கான தரைவழிப் பாதைகளைச் சோவியத் ஒன்றியம் அடைத்தது. இவ்விரு நிகழ்வுகளும் மேற்கு நாடுகளிடையே பெரும் அச்சத்தை ஏற்படுத்தின.

இதற்கிடையே 1948 மார்ச் 17 அன்று ஐக்கிய இராச்சியம், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகளும் பிரசெல்ஸ் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. தாக்கப்பட்ட நாட்டுக்குத் தம்மால் இயன்ற அனைத்துப் படை உதவியையும் பிற உதவிகளையும் வழங்குவதாக இந்நாடுகள் உறுதியளித்தன. எனினும் ஐக்கிய அமெரிக்காவின் துணை இன்றி இவ்வுறுதி போதுமானதாக இராது என்பதை இந்நாடுகள் உணர்ந்திருந்தன. அமெரிக்காவோ, ஐரோப்பிய நாடுகளுடன் நிரந்தரப் படைக் கூட்டணி வைப்பதில்லை என்ற மரபை ஒன்றரை நூற்றாண்டாகப் பின்பற்றி வந்த நாடு. 1948 சூனில் அமெரிக்க மூதவையான செனட் நிறைவேற்றிய வாண்டன்பர்க் தீர்மானம், இத்தகைய கூட்டணியில் இணைவதற்கு வழிதிறந்தது.

சொல்லமைப்பு குறித்த இணக்கம்

ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகளில் மிகக் கடினமானதாக அமைந்தது 5 ஆம் உறுப்புரையின் சொல்லமைப்பே ஆகும். பிரசெல்ஸ் ஒப்பந்தத்தில் உள்ளதைப் போன்று தெளிவான படை உதவிக் கடப்பாட்டை ஐரோப்பிய நாடுகள் விரும்பின. ஆனால் அமெரிக்க அரசியலமைப்பின்படி போரை அறிவிக்கும் அதிகாரம் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கு உரியது. வேறொரு நாட்டின் மீது நடக்கும் தாக்குதல் அமெரிக்காவைத் தானாகவே போருக்குள் இழுக்கும் என்றால், அவ்வதிகாரம் பொருளற்றதாகிவிடும் என்று செனட் உறுப்பினர்கள் வாதிட்டனர்.

இறுதியில் இரு தரப்பினரும் ஏற்கத்தக்க ஓர் இணக்கம் காணப்பட்டது. தாக்குதல் அனைவர் மீதுமான தாக்குதலாகக் கருதப்படும் என்ற உறுதியான கூற்று ஐரோப்பியர்களுக்கு நிறைவளித்தது. ஒவ்வொரு நாடும் தான் தேவையெனக் கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்ற கூற்று அமெரிக்கச் செனட்டுக்கு நிறைவளித்தது. மேலும், ஒப்பந்தத்தின் விதிகள் ஒவ்வொரு நாட்டின் அரசியலமைப்பு நடைமுறைகளுக்கு உட்பட்டே நிறைவேற்றப்படும் என்று 11 ஆம் உறுப்புரை கூறுகின்றது. 1949 சூலை 21 அன்று செனட் 82 வாக்குகளுக்கு 13 என்ற கணக்கில் ஒப்பந்தத்திற்கு ஒப்புதல் அளித்தது.

உள்ளடக்கம்

5 ஆம் உறுப்புரையின் முக்கிய கூறுகள் பின்வருமாறு:

* ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ ஒன்று அல்லது மேற்பட்ட உறுப்பு நாடுகள் மீது நடத்தப்படும் ஆயுதத் தாக்குதல், அனைத்து உறுப்பு நாடுகள் மீதும் நடத்தப்பட்ட தாக்குதலாகக் கருதப்படும்.
* அத்தகைய தாக்குதல் நிகழ்ந்தால், ஐக்கிய நாடுகள் பட்டயத்தின் 51 ஆம் உறுப்புரை ஏற்றுக்கொள்ளும் தனி அல்லது கூட்டுத் தற்காப்பு உரிமையின் அடிப்படையில் ஒவ்வொரு நாடும் தாக்கப்பட்ட நாட்டுக்கு உதவும்.
* உதவி எத்தகையது என்பதை அந்தந்த நாடு முடிவு செய்யும். ஆயுதப் படையைப் பயன்படுத்துவதும் அதில் அடங்கலாம்.
* எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் உடனடியாக ஐ.நா. பாதுகாப்புச் சபைக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அமைதியை மீட்கத் தேவையானவற்றைப் பாதுகாப்புச் சபை செய்தபின் அந்நடவடிக்கைகள் நிறுத்தப்பட வேண்டும்.

இவற்றின்படி, ஒரு நாடு படைகளை அனுப்பலாம்; மருந்தும் எரிபொருளும் வழங்கலாம்; தன் வான்பரப்பைப் பயன்படுத்த மட்டும் இசைவு தரலாம். இவை அனைத்தும் சட்டப்படி உதவி என்ற வரையறைக்குள் அடங்கக்கூடியவை. ஆனால் எதுவும் செய்யாமல் இருப்பது கடப்பாட்டை மீறுவதாகும்.

புவியியல் எல்லை

5 ஆம் உறுப்புரை எங்கெங்கு பொருந்தும் என்பதை 6 ஆம் உறுப்புரை வரையறுக்கின்றது. ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகியவற்றில் உள்ள உறுப்பு நாடுகளின் ஆட்சிப்பகுதிகள், துருக்கி, கடக ரேகைக்கு வடக்கே வட அட்லாண்டிக் பகுதியில் உள்ள தீவுகள் ஆகியவை இதில் அடங்கும். இப்பகுதிகளிலும் மத்தியதரைக் கடலிலும் உள்ள உறுப்பு நாடுகளின் படைகள், கப்பல்கள், வானூர்திகள் மீதான தாக்குதலும் உள்ளடங்கும்.

இவ்வரையறையின் நோக்கம் ஐரோப்பிய நாடுகளின் குடியேற்ற நாடுகளைக் காக்கும் பொறுப்பிலிருந்து மற்ற நாடுகளை விலக்கி வைப்பதாகும். பிரான்சின் பகுதியாக அன்று கருதப்பட்ட அல்ஜீரியா மட்டும் இதற்கு விதிவிலக்காக இருந்தது. 1962 சூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றதும் அக்கூற்று செல்லாததாயிற்று.

1961 டிசம்பரில் இந்தியா கோவாவைப் போர்த்துக்கீசிய ஆட்சியிலிருந்து மீட்டபோது, போர்த்துகல் நேட்டோவின் நிறுவன உறுப்பினராக இருந்தது. எனினும் கோவா இப்புவியியல் எல்லைக்குள் வராததால் 5 ஆம் உறுப்புரை அங்கு பொருந்தவில்லை. 1982 இல் ஆர்ஜெண்டினா போக்லாந்து தீவுகளைக் கைப்பற்றியபோது ஐக்கிய இராச்சியத்திற்கும் இதே நிலை ஏற்பட்டது. பசிபிக் பெருங்கடலில் உள்ள அமெரிக்க மாநிலமான ஹவாயும் இந்த எல்லைக்கு வெளியே உள்ளது.

4 ஆம் உறுப்புரையுடனான தொடர்பு

செய்திகளில் 4 ஆம் உறுப்புரையும் 5 ஆம் உறுப்புரையும் சில வேளைகளில் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. தன் ஆட்சிப்பகுதிக்கோ அரசியல் விடுதலைக்கோ பாதுகாப்பிற்கோ அச்சுறுத்தல் உள்ளதென ஒரு உறுப்பு நாடு கருதினால், மற்ற நாடுகளைக் கலந்தாலோசனைக்கு அழைக்க 4 ஆம் உறுப்புரை இடமளிக்கின்றது. இதனால் எந்தப் படைக் கடப்பாடும் ஏற்படுவதில்லை. ஈராக், சிரியா தொடர்பில் துருக்கி இதனைப் பலமுறை பயன்படுத்தியுள்ளது. 2014 இல் போலந்தும், 2022 பெப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபோது எட்டு நாடுகளும் இவ்வாறு கலந்தாலோசனை கோரின. 2025 செப்டம்பரில் ஆளில்லா வானூர்திகள் வான்பரப்பினுள் நுழைந்ததை அடுத்து போலந்தும், ரஷ்யப் போர் வானூர்திகள் நுழைந்ததை அடுத்து எஸ்டோனியாவும் இதே உறுப்புரையைப் பயன்படுத்தின.

கலந்தாலோசனையிலேயே கருத்து வேறுபாடு எழுவதும் உண்டு. 2003 இல் ஈராக் போருக்கு முன்னர் துருக்கிக்கு முற்காப்பாக ஏவுகணை எதிர்ப்புக் கருவிகளை அனுப்பும் திட்டத்தைப் பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் ஆகியவை தடுத்தன. பிரான்ஸ் அங்கம் வகிக்காத பாதுகாப்புத் திட்டக் குழுவின் வழியாகவே பின்னர் அம்முடிவு எடுக்கப்பட்டது.

பனிப்போர்க் காலம்

ஒப்பந்தம் கையெழுத்தானபோது நேட்டோவுக்கெனத் தனிப் படைத் தலைமையகம் எதுவும் இருக்கவில்லை. 1950 இல் கொரியப் போர் தொடங்கிய பின்னரே, ஒருங்கிணைந்த படைத் தலைமை உருவாக்கப்பட்டது. அமெரிக்கத் தளபதி டுவைட் ஐசனாவர் அதன் முதல் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். பெருந்தொகையான அமெரிக்கப் படையினர் மேற்கு ஜெர்மனியில் நிலைகொண்டனர். சோவியத் படைகள் மேற்கு நோக்கி நகர்ந்தால் தொடக்க நாட்களிலேயே அமெரிக்க வீரர்களும் உயிரிழப்பர். எனவே அமெரிக்கா விலகி நிற்க முடியாது என்பதே இவ்வேற்பாட்டின் உட்பொருள். ஒப்பந்தத்தின் சொற்கள் விட்டுவைத்த ஐயத்தைப் படைகளின் இருப்பு குறைத்தது எனலாம்.

எனினும் ஐயம் முற்றாக நீங்கவில்லை. பாரிஸ் நகரைக் காப்பதற்காக அணுவாயுதத் தாக்குதலில் நியூயார்க் நகரை இழக்க அமெரிக்கா துணியுமா என்ற வினாவைப் பிரான்சின் அதிபர் சார்லஸ் டி கோல் எழுப்பினார். பிரான்ஸ் 1960 இல் தன் முதல் அணுகுண்டைச் சோதித்தது. 1966 இல் நேட்டோவின் ஒருங்கிணைந்த படைத் தலைமையிலிருந்து அந்நாடு விலகியது. ஆனால் ஒப்பந்தத்திலிருந்து விலகவில்லை. 2009 இல் மீண்டும் படைத் தலைமையில் இணைந்தது.

நான்கு தசாப்தப் பனிப்போரில் 5 ஆம் உறுப்புரை ஒருமுறையேனும் நடைமுறைப்படுத்தப்படவில்லை. தாக்குதலைத் தடுத்து நிறுத்துவதே அதன் முதன்மை நோக்கமாதலால், ஆதரவாளர்கள் இதனை அதன் வெற்றியாகக் கருதுகின்றனர்.

2001 இல் நடைமுறைப்படுத்தப்பட்டமை

ஒப்பந்த வரலாற்றில் 5 ஆம் உறுப்புரை ஒரே ஒரு முறை நடைமுறைப்படுத்தப்பட்டுள்ளது. ஐரோப்பாவைக் காக்க அமெரிக்கா முன்வருவதற்கென வகுக்கப்பட்ட சரத்து, அமெரிக்காவுக்கு உதவ ஐரோப்பிய நாடுகளும் கனடாவும் முன்வருவதற்கே பயன்பட்டது.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க், வாஷிங்டன் பகுதிகளில் அல்-கைதா நடத்திய தாக்குதல்களில் ஏறத்தாழ 3,000 பேர் கொல்லப்பட்டனர். மறுநாளே நேட்டோ பேரவை கூடியது. அப்போதைய பொதுச் செயலாளர் ஜார்ஜ் ராபர்ட்சன், தாக்குதல் வெளிநாட்டிலிருந்து நெறிப்படுத்தப்பட்டது எனத் தெரியவந்தால் 5 ஆம் உறுப்புரை பொருந்தும் என்ற முடிவை அறிவித்தார். அமெரிக்க அதிகாரிகள் அளித்த விளக்கத்தைத் தொடர்ந்து அக்டோபர் 2 அன்று அம்முடிவு உறுதிசெய்யப்பட்டது. இரண்டு நாட்களின் பின்னர், உளவுத் தகவல் பகிர்வு, வான்வெளி இசைவு, துறைமுகப் பயன்பாடு உட்பட எட்டு வகை உதவிகளுக்கு உறுப்பு நாடுகள் இணங்கின.

இதன்படி இரண்டு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டன. 2001 அக்டோபர் முதல் 2002 மே வரை நேட்டோவின் முன்னறிவிப்பு ரேடார் வானூர்திகள் அமெரிக்க வான்பரப்பில் சுற்றுக்காவல் புரிந்தன. 13 நாடுகளைச் சேர்ந்த 830 பணியாளர்கள் இதில் ஈடுபட்டனர். மத்தியதரைக் கடலில் கப்பல்களைக் கண்காணிக்கும் கடற்படை நடவடிக்கை 2016 வரை தொடர்ந்தது.

2001 அக்டோபர் 7 அன்று ஆப்கானிஸ்தானில் தொடங்கிய போர் நேட்டோ நடவடிக்கை அன்று. அது அமெரிக்கத் தலைமையிலான தனிக் கூட்டணியின் நடவடிக்கை ஆகும். ஐ.நா. இசைவுடன் ஆப்கானிஸ்தானில் இயங்கிய பன்னாட்டுப் பாதுகாப்பு உதவிப் படையின் தலைமையை நேட்டோ 2003 ஆகஸ்டில் ஏற்று, 2014 இறுதி வரை நடத்தியது. சட்ட நோக்கில் அது 5 ஆம் உறுப்புரையின் கீழ் அமைந்த பணி அன்று. ஆயினும் நட்பு நாடுகள் கொடுத்த விலை பெரிது. ஆப்கானிஸ்தானில் ஐக்கிய இராச்சியம் 457 படையினரையும் கனடா 158 படையினரையும் இழந்தன. இருபது ஆண்டுகளின் பின்னர், 2021 ஆகஸ்டில் தலிபான் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது.

உறுப்புரிமையும் உக்ரைனும்

வார்சா ஒப்பந்தம் 1991 இல் கலைக்கப்பட்டபின், அதன் முன்னாள் உறுப்பு நாடுகள் 5 ஆம் உறுப்புரையின் காப்பைத் தேடின. 1999 இல் போலந்து, அங்கேரி, செக் குடியரசு ஆகியனவும், 2004 இல் பால்டிக் நாடுகள் மூன்றும் உட்பட ஏழு நாடுகளும் இணைந்தன. இவ்விரிவாக்கம் தன் பாதுகாப்பிற்கு அச்சுறுத்தல் என ரஷ்யா தொடர்ந்து கூறிவருகின்றது. தாமாக விரும்பிக் கோரும் இறைமையுள்ள நாடுகளையே சேர்த்துக்கொள்வதாக நேட்டோ விடையளிக்கின்றது.

2008 ஏப்ரலில் புக்கரெஸ்ட் மாநாட்டில், உக்ரைனும் ஜார்ஜியாவும் எதிர்காலத்தில் உறுப்பினராகும் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கான காலவரையறை எதுவும் தரப்படவில்லை. இதனால் இவ்விரு நாடுகளும் ரஷ்யாவின் சினத்திற்கு உள்ளாயின. அதே வேளை 5 ஆம் உறுப்புரையின் காப்பையும் பெறவில்லை. 2008 ஆகஸ்டில் ஜார்ஜியாவில் போர் மூண்டது. 2014 இல் ரஷ்யா கிரிமியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 2022 இல் உக்ரைன் மீது முழு அளவிலான படையெடுப்பு தொடங்கியது.

1994 டிசம்பரில் கையெழுத்தான புடாபெஸ்ட் குறிப்பாணையின்படி உக்ரைன் தன் மண்ணில் இருந்த சோவியத் அணுவாயுதங்களைக் கைவிட்டது. பதிலாக, அதன் எல்லைகளை மதிப்பதாக ரஷ்யா, அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம் ஆகியன உறுதியளித்தன. எனினும் தாக்கப்பட்டால் படை உதவி வழங்கும் கடப்பாடு எதுவும் அதில் இல்லை. நேட்டோ நாடுகள் 2022 முதல் உக்ரைனுக்குப் பெருமளவில் ஆயுதங்களை வழங்கியபோதும், போரிடுவதற்குத் தம் படைகளை அனுப்பவில்லை.

இவ்வேறுபாட்டை அண்டை நாடுகள் கவனித்தன. பல தசாப்தங்களாக எந்தப் படைக் கூட்டணியிலும் சேராதிருந்த பின்லாந்தும் சுவீடனும் 2022 மே மாதம் விண்ணப்பித்தன. பின்லாந்து 2023 ஏப்ரல் 4 அன்றும், சுவீடன் 2024 மார்ச் 7 அன்றும் உறுப்பினராயின. ரஷ்யாவுடன் சுமார் 1,340 கி.மீ. நீளமான எல்லையைக் கொண்ட பின்லாந்தின் வருகையால், ரஷ்யாவுடனான நேட்டோவின் நில எல்லை இரு மடங்கிற்கும் மேலாக நீண்டது.

கிழக்கு எல்லையில் படைகள்

2014 இற்குப் பின்னர், மேற்கு ஜெர்மனியில் பின்பற்றிய வழியை நேட்டோ கிழக்கிலும் கையாண்டது. 2017 இல் எஸ்டோனியாவில் ஐக்கிய இராச்சியம், லாத்வியாவில் கனடா, லித்துவேனியாவில் ஜெர்மனி, போலந்தில் அமெரிக்கா ஆகியவற்றின் தலைமையில் பன்னாட்டுப் படைப்பிரிவுகள் நிறுத்தப்பட்டன. 2022 இல் மேலும் நான்கு நாடுகளுக்கு இது விரிவாக்கப்பட்டது. லித்துவேனியாவில் 2027 இற்குள் ஏறத்தாழ 5,000 பேர் கொண்ட நிரந்தரப் படையணியை அமைக்க ஜெர்மனி திட்டமிட்டுள்ளது. ஒரு பெரும் படையெடுப்பைத் தனித்து முறியடிக்க இவை போதா. ஆனால் தாக்குபவர் ஒரே நேரத்தில் பல நாடுகளின் படையினருடன் மோத வேண்டியிருக்கும்.

ஆயுதத் தாக்குதல் என்பது எது?

ஆயுதத் தாக்குதல் என்னும் சொல்லை ஒப்பந்தம் வரையறுக்கவில்லை. 1949 இல் எல்லை தாண்டும் தரைப்படைகளே கருத்தில் கொள்ளப்பட்டன. 2001 இல் பயங்கரவாத இயக்கம் ஒன்றின் செயலும் இதில் அடங்கும் என ஏற்கப்பட்டது. 2007 இல் எஸ்டோனியாவின் அரச, வங்கி, ஊடக வலைத்தளங்கள் இணையத் தாக்குதலால் முடங்கின. 2014 வேல்ஸ் மாநாட்டில், கடுமையான இணையத் தாக்குதலும் 5 ஆம் உறுப்புரைக்கு வழிவகுக்கலாம் என அறிவிக்கப்பட்டது. எந்த அளவைக் கடந்தால் அவ்வாறாகும் என்பது கூறப்படவில்லை. எல்லை இதுவெனத் தெரிந்தால், எதிரி அதற்குச் சற்றுக் கீழே நின்று செயற்படக்கூடும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம்.

2022 நவம்பர் 15 அன்று போலந்தின் எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றில் ஏவுகணை விழுந்து இருவர் இறந்தனர். தொடக்கத்தில் பெரும் பதற்றம் நிலவியது. அது உக்ரைனின் வான்காப்பு ஏவுகணையாக இருக்கக்கூடும் என நேட்டோ மறுநாள் தெரிவித்தது. உண்மையை அறியக் கிடைக்கும் நேரமும், உறுப்பு நாடுகளின் ஒருமித்த முடிவும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை இந்நிகழ்வு காட்டியது.

பிற ஒப்பந்தங்களுடன் ஒப்பீடு

* வார்சா ஒப்பந்தம் (1955): இதன் 4 ஆம் உறுப்புரையும் இதனை ஒத்ததே. ஆனால் இவ்வமைப்பின் நாடுகள் மேற்கொண்ட பெரும் கூட்டுப் படை நடவடிக்கை, 1968 இல் அதன் உறுப்பினரான செக்கோஸ்லோவாக்கியா மீதான படையெடுப்பே ஆகும்.
* தென்கிழக்கு ஆசிய ஒப்பந்த அமைப்பு (1954): பாகிஸ்தான் இதில் உறுப்பினராக இருந்தது. பொதுவுடைமை நாடுகளின் தாக்குதலுக்கு மட்டுமே தன் கடப்பாடு பொருந்தும் என அமெரிக்கா வரையறுத்திருந்தது. 1965, 1971 ஆம் ஆண்டுகளின் இந்தியப் போர்களில் பாகிஸ்தானுக்கு இதனால் படை உதவி கிடைக்கவில்லை.
* இந்திய-சோவியத் உடன்பாடு (1971): தாக்குதலோ அச்சுறுத்தலோ நேர்ந்தால் உடனடியாகக் கலந்தாலோசிப்பதை மட்டுமே இதன் 9 ஆம் உறுப்புரை கோரியது. இவ்வகையில் இது நேட்டோவின் 4 ஆம் உறுப்புரைக்கு நெருக்கமானது.
* ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தம், 42(7) ஆம் உறுப்புரை: தம் ஆற்றலுக்கு உட்பட்ட எல்லா வழிகளிலும் உதவ வேண்டும் என இது கூறுகின்றது. சொல்லளவில் இது 5 ஆம் உறுப்புரையைவிட வலிமையானது. 2015 நவம்பரில் பாரிஸ் தாக்குதல்களின் பின்னர் பிரான்ஸ் இதனைப் பயன்படுத்தியது.
* கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பு: ரஷ்யத் தலைமையிலான இவ்வமைப்பிடம் 2022 செப்டம்பரில் ஆர்மீனியா உதவி கோரியது. எதிர்பார்த்த படை உதவி கிடைக்காததால் ஆர்மீனியா 2024 இல் தன் பங்கேற்பை நிறுத்தி வைத்தது.

வலிமையான சொற்கள் மட்டும் ஒரு கூட்டணியை வலிமையாக்குவதில்லை என்பதை இவ்வொப்பீடு காட்டுகின்றது.

விமர்சனங்களும் நம்பகத்தன்மையும்

பாதுகாப்புச் சுமையை அமெரிக்காவே பெரிதும் தாங்குகின்றது என்பது நெடுங்காலக் குறைபாடு. 2014 இல், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 விழுக்காட்டைப் பாதுகாப்பிற்குச் செலவிடும் இலக்கு பத்தாண்டுக் காலத்திற்கென ஏற்கப்பட்டது. 2025 சூனில் ஹேக் மாநாட்டில், 2035 இற்குள் 5 விழுக்காடு என்ற இலக்கு ஏற்கப்பட்டது. இதில் 3.5 விழுக்காடு நேரடிப் படைச் செலவுக்கும் 1.5 விழுக்காடு அது சார்ந்த உட்கட்டமைப்பு முதலியவற்றிற்கும் உரியது. இம்மாநாட்டிற்குச் செல்லும் வழியில், 5 ஆம் உறுப்புரைக்குப் பல விளக்கங்கள் உள்ளன என்று அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் கூறியது ஐரோப்பாவில் கவலையை உண்டாக்கியது. மாநாட்டின் அறிக்கை கடப்பாட்டை மீண்டும் உறுதிப்படுத்தியது.

உறுப்பு நாடுகளுக்கிடையே மோதல் எழுந்தால் என்ன செய்வது என்பதற்கு 5 ஆம் உறுப்புரையில் விடை இல்லை. 1974 இல் சைப்பிரஸ் தொடர்பில் கிரேக்கமும் துருக்கியும் போரின் விளிம்பிற்குச் சென்றன. டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட கிரீன்லாந்தை அமெரிக்கா பெற வேண்டும் என 2025 இல் டிரம்ப் மீண்டும் வலியுறுத்தியபோதும் இவ்வினா எழுந்தது.

13 ஆம் உறுப்புரையின்படி ஒரு நாடு ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். 2023 டிசம்பரில் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், செனட்டின் மூன்றில் இரு பங்கு ஒப்புதலோ காங்கிரசின் சட்டமோ இன்றி அதிபர் விலகுவதைத் தடை செய்கின்றது. ஆனால் ஒப்பந்தத்தில் இருந்துகொண்டே குறைந்த அளவு உதவி வழங்குவதை எந்தச் சட்டமும் தடுக்க இயலாது. தேவையெனக் கருதும் நடவடிக்கை எது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை 1949 ஆம் ஆண்டின் இணக்கம் ஒவ்வொரு நாட்டிடமுமே விட்டுவைத்துள்ளது.